கூரையில் பெப்பர்மிண்ட், தெருவில் சினிமா

கூரை மேல் ஒருவர் பெப்பர்மிண்ட் எண்ணெய் பாட்டிலோடு ஏறி நிற்கிறார். கீழே வீட்டுக்குள் இன்னொருவர் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு அறை அறையாக மோப்பம் பிடிக்கிறார். வீட்டுக்காரம்மா கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே போகிறார். தேடுவது திருடனை அல்ல. சாக்கடையை!

நூறு வருடத்துக்கு முந்தைய லண்டனில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேலையில் இதுவும் ஒரு பகுதி. கழிவுக் குழாய் எங்கேயாவது கசிகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். குழாயோ சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் புதைந்து கிடக்கிறது. இடித்தா பார்க்க முடியும்? அதனால் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் வாயில் கொஞ்சம் பெப்பர்மிண்ட் எண்ணெயை விட்டு, கையோடு ஒரு வாளி சுடுதண்ணீரையும் கொட்டுவார்கள். எண்ணெய் ஆவியாகிக் குழாய் நெடுக மணக்கும். எங்கே விரிசலோ அங்கே அந்த மணம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். படுக்கையறை மூலையில் மிட்டாய்க் கடை வாசனை அடித்தால், இத்தனை நாளாக அந்த வழியாகச் சாக்கடைக் காற்றுதான் வந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். எப்படி யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. எண்ணெய் ஊற்றினவர் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. கையிலும் சட்டையிலும் அந்த வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் நுழைந்த மறுநொடி வீடு முழுவதுமே 'கசிவு' ஆகிவிடும். எனவே சோதனை முடிகிற வரை அவர் மேலேயே குந்தியிருக்க வேண்டியதுதான். லண்டன் மழை வந்தால் அது அவர் தலையெழுத்து.

பெப்பர்மிண்ட் மூக்குக்கு என்றால், கண்ணுக்குப் புகை. துருத்தி பொருத்திய பெட்டியில் எண்ணெய் தோய்ந்த பஞ்சுக் கழிவைக் கொளுத்தி, புகையைக் கீழிருந்து குழாய்க்குள் அடித்து ஏற்றுவார்கள். கூரை முனையில் புகை தலை காட்டியதும் அந்த வாயை ஈரக் களிமண் வைத்து அடைத்துவிடுவார்கள். வெளியேற வழியில்லாத புகை, பொத்தல் இருக்கிற இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். சமையலறைத் தரைப் பலகைக்கு அடியிலிருந்து மெல்லப் புகை கிளம்புகிற அந்தக் கணத்தில், 'எங்க வீட்டுல எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று அதுவரை அடித்துப் பேசிக்கொண்டிருந்த வீட்டுச் சொந்தக்காரரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

இந்த ரகளையெல்லாம் எப்படி நடந்தது என்று ஒரே ஊருக்குள் புகுந்து பார்த்துவிடுவோம். 1900-ல் லண்டனை 28 பரோக்களாகப் பிரித்தார்கள். பரோ என்றால் நம் கணக்கில் ஒரு நகராட்சி. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக மேயர், மருத்துவ அதிகாரி, சானிட்டரி இன்ஸ்பெக்டர்கள், குப்பை வண்டிகள். அதில் தேம்ஸ் நதியின் தென்கரையில், டவர் பிரிட்ஜை ஒட்டி விரிந்த பெர்மாண்ட்சிதான் நம் ஊர். 1921 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,20,000 பேர். பெரும்பாலும் துறைமுகக் கூலிகளும் தொழிற்சாலைத் தொழிலாளிகளும். வேலை இருக்கிற அன்றைக்குச் சாப்பாடு.

கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று மூக்கு சொல்லிவிடும். ஒரு பக்கம் பீக் ஃப்ரீன் பிஸ்கட் ஆலை. அது வைத்த வாசனையில் ஊருக்கே 'பிஸ்கட் டவுன்' என்று செல்லப் பெயர். இன்னொரு பக்கம் 1901-ல் வந்த ஹார்ட்லி ஜாம் ஆலை. டவர் பிரிட்ஜ் ரோட்டில் சார்சன் வினிகர். ஆற்றங்கரைக் கிடங்குகளில் தேயிலையும் மசாலாச் சரக்கும். இலங்கை மலைத்தோட்டங்களில் நம்மவர்கள் கிள்ளிய கொழுந்து, பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய கரைகளில் இதுவும் ஒன்று. இத்தனை நறுமணத்தையும் ஒரே மூச்சில் அமுக்கிவிடுகிற நாற்றம் ஒன்றும் உண்டு: தோல் பதனிடும் தொட்டிகள். ஆவாரம்பட்டையில் பதனிட்டுச் சென்னையிலிருந்து கப்பலேறிய தோலுக்கு லண்டன்தான் பெரிய சந்தை. லண்டனில் தோல் என்றாலே பெர்மாண்ட்சி. 19-ஆம் நூற்றாண்டில் தோலை மிருதுவாக்க நாய் விட்டையைக் கரைத்து ஊற வைத்தார்கள். தெருவில் அதைப் பொறுக்கி வாளிக் கணக்கில் விற்றுப் பிழைத்தவர்களே இருந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே போவோம்.

போகிற வழியில் ஒரு கிசுகிசு. டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் கொலைகாரன் பில் சைக்ஸ் சாகிற அந்த அழுகல் சேரி, ஜேக்கப்ஸ் ஐலண்ட், இதே பெர்மாண்ட்சியில்தான் இருந்தது. அப்படியொரு இடமே கிடையாது, அது டிக்கன்ஸ் எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று சர் பீட்டர் லாரி என்கிற நகரப் பெரிய மனிதர் 1850-ல் மேடையேறிச் சொன்னார். 1849 காலராவில் அங்கே செத்தவர்கள் மட்டும் எங்கிருந்து வந்தார்களாம்? டிக்கன்ஸ் சும்மா விடவில்லை. அடுத்த பதிப்பின் முன்னுரையிலேயே அவரை வறுத்து எடுத்துவிட்டார்.

சரி, சுகாதாரத் துறைக்குள் வாருங்கள். அடுத்த கூத்து பால் கடையில்.

பாலில் தண்ணீர், வெண்ணெயில் மார்கரின். கலப்படம் எல்லா ஊருக்கும் பொது. 1875 சட்டப்படி இன்ஸ்பெக்டர் கடைக்குப் போய்க் காசு கொடுத்துப் பால் வாங்கலாம். வாங்கி முடித்த பிறகு, 'இது சோதனைக்கு' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உடனே அவர் கண்ணெதிரே பாலை மூன்றாகப் பிரித்து முத்திரை வைப்பார்: ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, மூன்றாவது நாளைக்குக் கோர்ட்டில் தகராறு வந்தால் எடுத்துக் காட்ட இன்ஸ்பெக்டர் கையில். பக்கா ஏற்பாடு. ஒரே சிக்கல், பேட்டையில் இன்ஸ்பெக்டர் முகத்தைத் தெரியாத கடைக்காரரே கிடையாது. அவர் தெருமுனையில் திரும்பும்போதே கலக்காத பால் கவுண்டருக்கு வந்துவிடும். அதனால் சட்டம் அனுமதித்த வழியிலேயே ஆள் வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் யாரோ ஒரு பெண், ஒரு பையன் சாதாரணமாகப் போய்ப் பால் வாங்குவார்கள். வாங்கி முடித்ததும் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைவார். என்ட்ரி என்றால் இதுதான் என்ட்ரி!

பால் புளிக்காமல் இருக்கப் போரிக் அமிலம் போடும் வழக்கம்கூட இருந்தது. பாலில் இப்படி எதையும் சேர்க்கக் கூடாது என்று 1912-ல்தான் தடை வந்தது. அதற்கு முன்னால் வளர்ந்த லண்டன் குழந்தைகள் எதையெல்லாம் குடித்திருக்கும் என்று யோசித்தால் பகீர் என்கிறது.

டூலி ஸ்ட்ரீட் பக்கம் போனால் வேலையின் அளவே வேறு. வெண்ணெய், பன்றி இறைச்சி, சீஸ், டின் உணவு என்று கப்பல் கப்பலாக இறங்கும் அந்த ஆற்றங்கரைக்கு 'லண்டனின் சரக்கறை' என்று பெயர். ஊர் முழுவதும் தின்னப் போகிற பண்டத்தைப் பார்த்து அனுப்ப வேண்டியது பெர்மாண்ட்சி உணவு இன்ஸ்பெக்டர்களின் பொறுப்பு. மலை மலையாக டின். எல்லாவற்றையும் திறந்து பார்க்க முடியுமா? முனையை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள், தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்கள். நல்ல டின்னின் மூடி உள்ளே சற்றுக் குழிந்து இறுக்கமாக இருக்கும். உள்ளே கெட்டு வாயு பிடித்திருந்தால் மூடி உப்பும், அழுத்தினால் துள்ளும், தட்டினால் வேறு சத்தம் கொடுக்கும். பழகிய காதுக்கு ஒரு தட்டு போதும். உலகத்திலேயே முதன்முதலாக வியாபார முறையில் டின்னில் உணவு அடைத்த தொழிற்சாலையும் 1813 வாக்கில் இதே பெர்மாண்ட்சியில்தான் தொடங்கியது. டான்கின், ஹால் கூட்டாளிகளின் கம்பெனி. அவர்கள் அடைத்துத் தள்ளியதை நூறு வருடம் கழித்து அவர்கள் பேட்டைக்காரர்களே தட்டிக்கொண்டிருந்தார்கள்!

தொற்றுநோய் வந்த வீட்டுக்கு நடக்கிற உபசாரம் தனி. 1889 சட்டத்துக்குப் பிறகு, ஸ்கார்லட் காய்ச்சல், டிப்தீரியா போன்றவை வந்தால் டாக்டர் கட்டாயம் மருத்துவ அதிகாரிக்குச் சொல்லியாக வேண்டும். நோயாளி ஆம்புலன்ஸில் போன பிறகு ஆட்கள் வருவார்கள். கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு, கணப்பின் வாய் என்று எல்லாவற்றிலும் காகிதப் பட்டை ஒட்டி அடைத்து, உள்ளே கந்தகம் கொளுத்துவார்கள், அல்லது ஃபார்மலின் அடிப்பார்கள். மெத்தையும் துணியும் வண்டியேறி நகராட்சியின் கிருமி நீக்க நிலையத்துக்குப் போகும். அந்த நிலையத்தின் அமைப்புதான் அழகு. நீராவிப் பெட்டி ஒன்று, அதற்கு இரண்டு கதவு, நடுவே நிலையத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவர். ஒரு பக்கக் கதவு வழியாக அழுக்கு மெத்தை போகும். வெந்து தணிந்து மறுபக்கக் கதவு வழியாக வெளியே வரும். இந்தப் பக்க ஆள் அந்தப் பக்கம் போகக் கூடாது. கொண்டுவரும் வண்டி வேறு, திருப்பிக் கொண்டுபோகும் வண்டி வேறு. வீட்டுத் தலைவிக்கு மெத்தை திரும்பி வந்ததில் நிம்மதி; ஆனால் தெருவே பார்க்க அந்த வண்டி வாசலில் நின்றதை நினைத்தால் மானம் போகிற மாதிரி இருந்திருக்கும்.

பெரியம்மை என்றால் வண்டி போதாது, கப்பல்! இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. 1901-02-ல் லண்டனில் பெரியம்மை தலைவிரித்தாடியபோது, நகரம் முழுவதிலுமிருந்து நோயாளிகளைக் குதிரை ஆம்புலன்ஸில் ரோதர்ஹித் சவுத் வார்ஃபுக்குக் கொண்டுவந்தார்கள். அது பெர்மாண்ட்சி பரோவுக்குள்தான் வருகிறது. அங்கே ஒரு டாக்டர் மறுபடி பார்ப்பார், வெறும் சின்னம்மையைப் பெரியம்மை என்று அனுப்பிவிட்டார்களோ என்று. உறுதியானால் ஆம்புலன்ஸ் ஸ்டீமரில் ஏற்றி ஆற்றோடு கீழே, டார்ட்ஃபர்ட் பக்கம் லாங் ரீச் வரை பயணம். அங்கே மூன்று ஆஸ்பத்திரிக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும்: அட்லஸ், எண்டிமியன், கஸ்டேலியா. முதல் இரண்டும் ஓய்வுபெற்ற மரப் போர்க்கப்பல்கள். மூன்றாவதுதான் வேடிக்கை. கஸ்டேலியா ஒரு காலத்தில் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கக் கட்டிய பயணிகள் கப்பல். பயணிகளுக்குக் குமட்டல் வரக் கூடாது என்று இரண்டு உடலை ஒட்டிக் கட்டினார்கள். குமட்டல் குறைந்ததோ என்னவோ, வேகம் குறைந்துவிட்டது, கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் அதன் அகலமான மேல்தளத்தில் வரிசையாக வார்டுகளைக் கட்டி அம்மை ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள். 1903-ல் கரையில் ஜாய்ஸ் கிரீன் ஆஸ்பத்திரி திறந்ததும் கப்பல்களுக்கு விடை கொடுத்தார்கள். ஸ்டீமர்கள் மட்டும் இன்னும் பல வருடம் ஓடின.

இதுவரை பார்த்தது ஏறக்குறைய எல்லா லண்டன் பரோவுக்கும் பொருந்தும். பெர்மாண்ட்சி தன் சொந்த நாடகத்தைத் தொடங்கியது ஒரு தம்பதியால். ஆல்ஃப்ரட் சால்டர், கைஸ் ஆஸ்பத்திரியில் பதக்கங்களோடு தேறிய டாக்டர். பணக்கார டாக்டர்களின் ஹார்லி ஸ்ட்ரீட்டில் பலகை மாட்டியிருக்கலாம். 1900-ல் ஏடாவைக் கல்யாணம் செய்துகொண்டு பெர்மாண்ட்சியில் கிளினிக் திறந்தார். ஃபீஸ் ஆறு பென்ஸ், இல்லாதவருக்கு அதுவும் இல்லை. வசிப்பதும் அதே தெருக்களில், மகள் ஜாய்ஸ் படிப்பதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு. 1910-ல் ஸ்கார்லட் காய்ச்சலில் ஜாய்ஸ் இறந்துபோனாள். எட்டு வயது. ஒரே குழந்தை. அதற்குப் பிறகும் அவர்கள் பேட்டையை விட்டுப் போகவில்லை.

1922 தேர்தல் வருடம் அவர்களுடையது. தொழிற்கட்சி நகராட்சியைப் பிடித்தது, ஆல்ஃப்ரட் எம்.பி. ஆனார், ஏடா மேயர் ஆனார். லண்டனின் முதல் பெண் மேயர். அங்கியும் வேண்டாம், மேயர் சங்கிலியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக வேலையில் இறங்கினார். நகரை அழகுபடுத்த அதற்கு முன்பே ஒரு குழு வைத்து மரம் நட ஆரம்பித்திருந்தார். 1930-களுக்குள் தெருக்களில் ஆயிரக்கணக்கில் மரம். 'நோய் இருக்கிற ஊரில் பூச்செடி எதற்கு?' என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஏடாவுக்குப் பூச்செடியும் சுகாதாரத் துறையின் சரக்குதான். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

சோப்பு போட்டுக் குளி என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டில் குளியலறையே இல்லாத, கொல்லைக் குழாய் ஒன்றைப் பல குடும்பம் பங்கு போட்டுக்கொள்கிற தெருவில் போய் அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். பெர்மாண்ட்சிக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டதுதான் அவர்களின் சாமர்த்தியம் என்பது என் கட்சி. பேச்சுக்குப் பக்கத்திலேயே சரக்கையும் வைத்தார்கள். 1927-ல் கிரேஞ்ச் ரோட்டில் பெரிய பொதுக் குளியல் நிலையம் திறந்தது. நீச்சல் குளங்கள், துருக்கிக் குளியல், நீராவிக் குளியல். தொழிலாளிகள் பேட்டைக்குப் பணக்கார கிளப்பின் வசதி!

அந்தக் கால லண்டன் பொதுக் குளியலறைக்குள் ஒரு நொடி எட்டிப் பார்க்கலாம், காதை மட்டும் நீட்டுங்கள். தொட்டி உங்கள் தடுப்புக்குள் இருக்கும், குழாயைத் திறக்கும் சாவி வெளியே பணியாளர் கையில். தண்ணீர் ஆறிவிட்டால் நம்பரைச் சொல்லிக் கத்த வேண்டும். 'அஞ்சாம் நம்பருக்குச் சுடுதண்ணி!' 'ஒன்பதுக்குப் பச்சத்தண்ணி, வெந்துட்டேன்!' சனிக்கிழமை மாலை மொத்தக் கட்டடமும் ஏலக் கடையாகிவிடும். யாராவது குறும்பன் பக்கத்து நம்பரைச் சொல்லிக் கத்தாமலா இருந்திருப்பான்?

பிறகு வெயில். லண்டன் புகைக்கு நடுவே வெயிலுக்கு எங்கே போவது? பிள்ளைகளுக்கு ரிக்கெட்ஸ் வந்து கால் வளைகிறது, பெரியவர்களுக்குக் காசநோய். நகராட்சி 1926-ல் ஒரு விளக்கறை திறந்தது. புற ஊதா விளக்கைச் சுற்றிப் பிள்ளைகள் ஜட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள், எல்லார் முகத்திலும் கறுப்புக் கண்ணாடி. பிரிட்டனில் நகராட்சி ஒன்று இப்படி அறை வைத்ததில் பெர்மாண்ட்சி முன்னோடி. அதோடு நின்றார்களா? காசநோயாளிகள் சிலரைச் சுவிட்சர்லாந்துக்கே அனுப்பினார்கள், ஆல்ப்ஸ் மலையில் லேசான் என்ற ஊரில் டாக்டர் ரோலியே நடத்திய சூரியச் சிகிச்சை ஆஸ்பத்திரிக்கு. கோடீஸ்வரர்கள் போகிற மலைக்குத் தோல் ஆலைத் தொழிலாளி, நகராட்சி செலவில்! எதிர்க்கட்சி வரிசையில் அன்றைக்குப் பலருக்கு நெஞ்சு எரிந்திருக்கும்.

இப்போது கிளைமாக்ஸ்.

தெருமுனையில் ஒரு வேன் வந்து நிற்கிறது. 'சினிமோட்டார்' என்று பெயர். இறங்கினவர் நேராகத் தெருவிளக்குக் கம்பத்துக்குப் போய் ஒயரைச் செருகுகிறார். கொக்கி போடுகிறார் என்று பதறாதீர்கள். இதற்கென்றே கம்பத்தில் இணைப்பு வைத்துக் கொடுத்திருக்கிறது நகராட்சி. வேனுக்குள் புரொஜெக்டர், வேனின் பின்புறமே திரை. உள்ளிருந்து ஒளி பாய, வெளியே தெருவில் நிற்கிறவர்களுக்குப் படம் தெரிகிறது. டிக்கெட் இல்லை. நாற்காலி இல்லை. காதலும் சண்டையும் இல்லை. காசநோய் எப்படிப் பரவுகிறது, குழந்தைக்கு என்ன துணி போடுவது, பல்லை எப்படிக் காப்பது, இதுதான் கதை. அதற்கும் கூட்டம் நின்றது! நம் டூரிங் டாக்கீஸ் போலவே ஊர் ஊராகப் போகிற கொட்டகை, முதலாளி மட்டும் முனிசிபாலிட்டி.

படமும் வெளியே வாங்கினது அல்ல. இதுதான் இந்த ஊர்க் கதையிலேயே என்னைக் குதிக்க வைத்த சங்கதி. 1923-ல் தொடங்கி 1950-களின் முற்பகுதி வரை சுமார் முப்பது படங்களைப் பெர்மாண்ட்சி சுகாதாரத் துறை தானே எடுத்தது. எழுத்தும் இயக்கமும், மருத்துவ அதிகாரி டாக்டர் டி. எம். கானன். தயாரிப்பு வேலைகளுக்கு அலுவலகத்தின் நிர்வாகத் தலைவர் புஷ். கேமராவுக்கு யார் தெரியுமா? எக்ஸ்ரே நிபுணர் லம்லி! நெஞ்சுக்கூட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு முகங்களையும் பிடிக்கும் பாக்கியம். நடிகர்கள் பேட்டைக்காரர்கள். செட் அதே தெரு, அதே கொல்லை, அதே கிளினிக். நர்ஸ் வேஷத்துக்கு நர்ஸ், குப்பை வண்டிக்காரர் வேஷத்துக்குக் குப்பை வண்டிக்காரர். சம்பளப் பட்டியலில் யூனிட் முழுவதுமே அடங்கிவிட்டது. எந்தத் தயாரிப்பாளரும் கனவு காணும் பட்ஜெட்.

1928-ல் 'ஹெல்த் அண்ட் குளோதிங்', எந்தத் துணி உடம்புக்கு நல்லது என்று. 1930-ல் 'ஓப்பின்': செப்டம்பரில் பேட்டைக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு கென்ட் கிராமங்களுக்கு ஹாப்ஸ் பறிக்கக் கிளம்புவதைப் பற்றிய படம். பீருக்குப் போடுகிற அந்தப் பூவைப் பறிக்கும் கூலி வேலைதான் ஏழை லண்டனில் பலருக்குக் கிடைத்த ஒரே விடுமுறை, அதனால் பெர்மாண்ட்சித் தெருக்கள் பல வெறிச்சோடிவிடும். நோய் என்றோ மருந்து என்றோ பெரிதாக உபதேசம் செய்யாமல், 'உங்கள் வாழ்க்கையை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று காட்டியதற்காகவே எனக்கு இந்தப் படம் ஒரு படி மேல். 1931-ல் நகராட்சி தன் வேலைகளையே சுற்றிக் காட்டிய 'சம் ஆக்டிவிட்டீஸ் ஆஃப் பெர்மாண்ட்சி பரோ கவுன்சில்'. 1933-ல் பிள்ளைகளுக்காக 'வேர் தேர்ஸ் லைஃப் தேர்ஸ் சோப்', எதுகை மோனையோடு எழுத்துப் பலகைகள் போட்டு. 1937-ல் 'தி எம்ப்டி பெட்', டிப்தீரியா தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி. இதில் மட்டும் குறும்பு குறைவு, பயம் ஜாஸ்தி.

கவனித்தீர்களா, 1933-லும் ஊமைப் படம்தான். தியேட்டர்களில் பேசும் படம் வந்து சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை. படம் ஓடும்போதும் ஓடி முடிந்த பிறகும் பேசுவதற்குத் துறையின் ஆள் பக்கத்திலேயே நின்றார். 'இதோ இந்த அம்மா செய்கிறார் பாருங்கள்' என்று அவர் சொல்வார். கூட்டத்தில் அந்த அம்மாவின் தெருக்காரர்களே நிற்பார்கள். கேள்வி வரும், கிண்டல் வரும், குழந்தைகள் திரையில் தங்களைக் கண்டு கூச்சல் போடும். தெருவில் குதிரை வண்டி போகும். ஒலிப்பதிவு செய்த குரல் இதையெல்லாம் சமாளிக்குமா?

இந்தப் படங்களில் பல இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. லண்டன் வெல்கம் நூலகமும் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டும் இணையத்தில் சிலவற்றை இலவசமாகவே வைத்திருக்கின்றன. முதலில் சோப்புப் படத்தைப் போடுங்கள், அப்புறம் துணிப் படம். ஒலி வரவில்லையே என்று ஸ்பீக்கரைத் தட்டாதீர்கள். டாக்டர் கானன் இல்லாத குறைக்கு விளக்கம் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. வீட்டில் பல் விளக்க அழிச்சாட்டியம் பண்ணுகிற வாண்டு ஒன்று இருந்தால் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.